அந்தப் புழுவுக்கு ஒரு வாரம்கூட ஆகியிருக்காது

கேள்வி:

என் அப்பாவுக்கு 68 வயது. பக்கவாதம் வந்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ஒன்பது நாள் ஐசியூ. கழுத்தில் துளை போட்டு ட்யூப் வைத்தார்கள். பிறகு தனி அறைக்கு மாற்றினார்கள். பதினாறாம் நாள் காலை, வாய் துடைக்க வந்த சிஸ்டர் பதறிப்போய் வெளியே ஓடினார். அப்பாவின் மேல் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் புழு. அன்று மட்டும் முப்பதுக்கு மேல் எடுத்தார்கள். ஒன்றை டப்பா மூடியில் வைத்து, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுத்தேன், இணைத்திருக்கிறேன். "வீட்லேர்ந்தே வந்திருக்கும், நீங்க சுத்தமா வெச்சுக்கல" என்றார் டூட்டி டாக்டர். சொந்தக்காரர்களும் அதையே பேசுகிறார்கள். சித்தப்பாவோ, "புழு அழுகினதைத்தான் தின்னும், நல்லதுதான்" என்கிறார். இப்போது வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண் இருக்கிறது. அம்மா அதில் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்து விடுகிறார். புழு மூளைக்கு ஏறியிருக்குமா? மறுபடி வருமா? இது எங்கள் தப்பா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, உங்கள் தப்பு இல்லை. மனதைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய படம் அப்படிச் சொல்கிறது.

படத்தில் புழு நாணயத்தின் பாதி அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கிறது. ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். ஈயின் புழு மூன்று பருவங்களில் வளரும். இரண்டு முறை தோலுரிக்கும். இந்த அளவு மூன்றாம் பருவத்துக்கு உரியது. நம் ஊரில் மனிதப் புண்ணில் முட்டையிடும் ஈக்களுக்கு, முட்டை பொரிய அரை நாளிலிருந்து ஒரு நாள் ஆகும். பொரித்த புழு தின்று கொழுத்து ஐந்து முதல் ஏழு நாளில் தானாகவே புண்ணை விட்டுக் கீழே விழுந்துவிடும். மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். எனவே அப்பாவின் வாயில் இருந்த புழுவுக்கு வயது இரண்டு மூன்று நாளுக்குக் குறையாது, ஒரு வாரத்தைப் பெரிதாகத் தாண்டாது. அவர் அங்கே படுத்திருந்தது பதினாறு நாள். வீட்டிலேயே ஈ முட்டையிட்டிருந்தால் அந்தப் புழுக்கள் ஐசியூவில் இருக்கும்போதே வளர்ந்து விழுந்திருக்கும். அந்த ஈ வந்து உட்கார்ந்தது மருத்துவமனையில்தான். அதுவும் பெரும்பாலும் தனி அறைக்கு மாற்றிய பிறகு.

டூட்டி டாக்டர் சொன்னதை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். நுண்ணுயிரியல் படித்து முடித்து, ஒரு மருத்துவமனையில் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பொறுப்பை ஏற்ற புதிது. வாய்ப் புற்றுநோய்ப் புண்ணோடு படுத்திருந்த ஒரு பெரியவருக்குப் புழு வைத்துவிட்டது. அவர் மனைவியிடம் போய், "எந்நேரமும் பக்கத்துலயே இருக்கீங்க, ஒரு ஈயை விரட்ட முடியலையா?" என்று கேட்டேன். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு ஆய்வகத்துக்கு வந்து, எடுத்த புழுக்களில் ஒன்றை வெந்நீரில் போட்டேன். உயிரோடு ஸ்பிரிட்டில் போட்டால் சுருங்கிக் கறுத்துவிடும். வெந்நீரில் போட்டால் நீட்டி விறைத்துக்கொள்ளும். அதன் வால்முனையை நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். ஈப்புழுவுக்கு மூக்கு பின்னால்தான். தலையைத் தசைக்குள் புதைத்துத் தின்றபடியே, வால்முனையை வெளியே நீட்டி மூச்சு விடும். அங்கே பழுப்பு நிறத்தில் இரண்டு சின்னத் தட்டுகள். தட்டுக்கு மூன்று கீற்று. இரண்டாம் பருவமென்றால் இரண்டு கீற்றுதான் இருக்கும். மூன்று என்பதால் அதுவும் மூன்றாம் பருவம், ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு உட்பட்ட புழு. கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். பெரியவர் எங்கள் வார்டுக்கு வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

கட்டிலுக்கு மேலே ஜன்னலில் வலை அடித்திருந்தது. ஏசி குழாய் போவதற்காக அதன் ஒரு மூலையை நாலு விரல் அகலத்துக்கு வெட்டிவிட்டு அப்படியே விட்டிருந்தார்கள். ஜன்னலுக்கு நேர் கீழே கேன்டீன் குப்பைத் தொட்டி. ஒரு மருத்துவமனைக்குள் ஈ வர அவ்வளவு போதும். அந்த அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத ஆசைதான். மறுநாள் நான் போனபோது வேறு மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.

சொந்தக்காரர்கள் ஏன் இப்படிப் பேசுகிறார்கள் என்பதற்கு நம் மொழியிலேயே ஒரு காரணம் இருக்கிறது. 'புண் புழுத்துவிட்டது' என்கிறோம். புண் தானாகவே புழுவாகிவிட்டது போல. 'புழுத்துப் போவாய்' என்று சாபமே விடுகிறோம். இந்தப் பேச்சில் ஈ எங்குமே வருவதில்லை. ஈ இல்லையென்றால் பழி நோயாளி மேலோ பார்த்துக்கொண்டவர் மேலோதான் விழும். 1668இல் இத்தாலியில் ஃபிரான்செஸ்கோ ரெடி என்ற மருத்துவர் இறைச்சித் துண்டுகளைச் சில பாத்திரங்களில் திறந்தும், சிலவற்றில் மெல்லிய துணியால் மூடியும் வைத்துப் பார்த்தார். திறந்ததில் புழு வந்தது, மூடியதில் வரவில்லை. அழுகல் புழுவாவதில்லை, ஈ வந்தால்தான் புழு என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. உங்கள் சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

உயிருள்ள உடம்பில் ஈப்புழு வைப்பதை மருத்துவத்தில் மையாசிஸ் என்பார்கள். மருத்துவமனையில் இது யாருக்கு வருகிறது என்று பார்த்தால் ஒரே மாதிரி ஆட்கள்தான்: நினைவில்லாதவர், கைகால் வராதவர், மயக்க மருந்தில் வென்டிலேட்டரில் இருப்பவர், வாய் மூடாதவர், மூக்கில் உணவுக் குழாய் செருகியவர். நமக்கு மூக்கில் ஈ உட்கார்ந்தால் தூக்கத்திலும் கை எழும். அவர்களுக்கு எழாது. அப்பாவுக்குப் பக்கவாதத்தில் ஒரு பக்கம் முகம் கோணியிருக்கும், வாய் திறந்தே கிடந்திருக்கும், ஈறு வறண்டு வெடித்துக் கொஞ்சம் ரத்தமும் கசிந்திருக்கும். அந்த வாடை ஈக்குத் தூரத்திலிருந்தே தெரியும். சில நிமிடம் போதும்.

ஆனால் நான் மருத்துவமனையைக் குறை சொல்வது ஈ வந்ததற்காக அல்ல. ஈ எங்கும் வரும். அமெரிக்காவிலேயே ஒரு மருத்துவமனையின் ஐசியூவில் நினைவிழந்து கிடந்த இரண்டு பேரின் மூக்கில் புழு வந்தது. 2002இல் ஒரு மருத்துவ இதழில் அதை எழுதினார்கள். மூலத்தைத் தேடிப் போனால் சுண்டெலி. விஷம் வைத்துக் கொன்ற எலிகள் கண்ணில் படாத இடங்களில் செத்துக் கிடக்க, அவற்றில் பெருகிய பச்சை ஈ நோயாளியிடம் வந்திருக்கிறது. ஒன்றைச் சரி செய்யப் போய் இன்னொன்றை வளர்த்த கதை.

என் குறை வேறு. முட்டை பொரிய அரை நாளாவது ஆகும் என்றேன் அல்லவா? ஷிஃப்ட்டுக்கு ஒருமுறையாவது வாயை டார்ச் அடித்துப் பார்த்து, காஸ் துணியால் ஈறு, கன்னத்து உள்பக்கம், நாக்கடி எல்லாம் துடைத்திருந்தால், முட்டை முட்டையாகவே துணியோடு வந்திருக்கும். வெள்ளை ரவை ஒட்டினாற்போல் இருக்கும், கண்ணுக்கே தெரியும். (முட்டையிடாமல் நேராகக் குட்டிப் புழுவையே விடும் ஈயும் உண்டு. அதுவும் துடைத்தால் வந்துவிடும்.) 12 மில்லிமீட்டர் வளரும்வரை தெரியவில்லை என்றால், அத்தனை நாளாக அந்த வாய்க்குள் யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். சார்ட்டில் 'மவுத் கேர்' என்ற கட்டத்தில் டிக் மட்டும் தவறாமல் விழுந்திருக்கும். அந்த சிஸ்டரைத் திட்டாதீர்கள். கண்டுபிடித்தவர் அவர்தான். அவர் ஒருவர் அன்றைக்கு எத்தனை நோயாளிகளைப் பார்த்தார் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள்.

இனி மூளை பற்றி. வாயிலும் மூக்கிலும் வைக்கும் புழு அண்ணத்தில் ஓட்டை போடலாம், மூக்கின் குருத்தெலும்பை அரிக்கலாம், கண்குழி வரை போகலாம்; மிக அரிதாக மூளைப் பக்கமும் போனதுண்டு. ஆனால் அதெல்லாம் பெரும்பாலும் புழுவை எடுக்காமலே விட்டுவிட்ட இடங்களில் நடப்பது. அப்பாவுக்குக் கண்டுபிடித்த அன்றே எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பாக்கி எதுவும் இல்லை என்பதை உறுதி செய்யக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் எண்டோஸ்கோப் வைத்து மூக்கையும் அண்ணத்தின் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். பார்த்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார்க்கவில்லையென்றால் இந்த வாரத்துக்குள் பார்த்துவிடுங்கள். ஒரே தடவையில் எல்லாப் புழுவும் வராது. இடுக்கில் இருப்பது மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் தலைகாட்டும். முகமோ இமையோ வீங்கினால், மூக்கில் ரத்தம் கலந்த நீர் வந்தால், புதிதாகக் காய்ச்சலோ கெட்ட வாடையோ வந்தால், உணவு கொடுக்கும் ட்யூபில் விடும் கஞ்சி மூக்கு வழியாக எதிர்த்து வந்தால், வாரம் வரை காத்திருக்காமல் அன்றே போங்கள்.

பலருக்கு உள்ள ஒரு பயத்தைச் சேர்த்தே தீர்த்துவிடுகிறேன். புழு உடம்புக்குள் பெருகாது. முட்டையிடுவது ஈ, புழு அல்ல. ஈயாக மாற அது உடம்பை விட்டு வெளியே வந்தாக வேண்டும். தொட்டால் உங்களுக்கும் ஒட்டிக்கொள்ளாது. பேரப்பிள்ளைகளைத் தாத்தா பக்கம் விடாமல் வைத்திருந்தால், விடுங்கள்.

சித்தப்பா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிதான் ஆபத்து. முதல் உலகப் போரில், 1917இல், ஏழு நாள் போர்க்களத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்த இரண்டு சிப்பாய்களின் புண்ணில் புழு நெளிந்ததையும், அதற்கு அடியில் தசை சிவந்து ஆரோக்கியமாக இருந்ததையும் வில்லியம் பேயர் என்ற அமெரிக்க மருத்துவர் பார்த்தார். பின்னாளில் எலும்புச் சீழ் வந்த குழந்தைகளுக்குப் புழு வைத்தே வைத்தியம் செய்து 1931இல் எழுதினார். 2004இல் அமெரிக்க அரசு மருத்துவப் புழுவுக்கு அனுமதியே கொடுத்தது. ஆனால் அது லூசிலியா செரிகாட்டா என்ற ஒரு பச்சை ஈயின் புழு. ஆய்வகத்தில் கிருமி நீக்கி வளர்த்து, எண்ணிக்கை பார்த்து வைத்து, இரண்டு மூன்று நாளில் எண்ணி எடுப்பது. நம் ஊர்ப் புண்ணில் அடிக்கடி பார்ப்பது கிரைசோமியா பெஸியானா. அது உயிருள்ள சதையைத்தான் தின்னும். உடம்பைச் சுற்றி வளையம் வளையமாக முள் இருப்பதால் திருகாணி மாதிரி உள்ளே இறங்கும். ஒரு ஈ ஒரே தடவையில் 150, 200 முட்டை வைக்கும். மாட்டுப் புண்ணில், நாய்க் காதில் குழி பறிப்பது பெரும்பாலும் அதுதான். வெறுங்கண்ணால் பார்த்து எது எதுவென்று சித்தப்பாவாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

அம்மாவின் கற்பூர எண்ணெயை இன்றே நிறுத்துங்கள். அவர் கைவைத்தியம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. மாட்டுப் புண்ணுக்குச் சீத்தா இலை அரைத்து வைத்தவர்கள், கற்பூரம் போட்டவர்கள் வழிவந்தவர்கள் நாம். புழுவுக்கு அது ஆகாது என்பதும் உண்மை. ஆனால் திறந்த புண் வழியாகக் கற்பூரம் உடம்பில் ஏறினால் வலிப்பைத் தூண்டக்கூடும். ஏற்கெனவே மூளை அடிபட்டவருக்கு அந்தச் சோதனை வேண்டாம். மேலும் இப்போது புண்ணில் புழுவே இல்லையே, எண்ணெய் யாருக்கு? டர்பன்டைனும் அப்படித்தான். மருத்துவமனைகளில் புழுவை வெளியே வரவைக்க அதைப் பயன்படுத்துகிறோம். பின்னால் மூச்சு விடும் பிராணி என்பதால், காற்றை அடைத்தால் மூச்சுக்காக மேலே வரும், ஃபோர்செப்ஸால் பிடித்து இழுத்துவிடலாம். ஆனால் கழுத்தில் ட்யூப் உள்ளவரின் வாயில் அதை ஊற்றினால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் அபாயம் உண்டு. வாய், மூக்கு, ட்யூப் பக்கத்தில் வீட்டில் யாரும் டர்பன்டைன் பாட்டிலையே திறக்கக் கூடாது. புழுவைக் கொல்லும் ஐவர்மெக்டின் மாத்திரையை எடைக்கு ஏற்பக் கொடுக்கிறார்கள், பலனும் உண்டு. ஆனால் உள்ளே செத்த புழுவையும் எடுத்தாக வேண்டும். மாத்திரை கொடுத்தாயிற்று என்று புண்ணைப் பார்க்காமல் விடக் கூடாது. மருந்துக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதில் முக்கியமானது செலவே இல்லாதது. கொசுவலையைப் பகலில் கட்டுங்கள். நாம் இருட்டியதும் வலையை இறக்கி, விடிந்ததும் சுருட்டி வைத்துவிடுவோம். இந்த ஈக்களோ பகலில்தான் திரியும். வெயில் ஏற ஏறச் சுறுசுறுப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கண்ணயரும் நேரத்தில் அப்பா தனியாக வாயைத் திறந்து படுத்திருப்பார். அந்த நேரத்தில் வலை இருந்தால் ரெடியின் துணி மூடிய பாத்திரம்தான்.

படுக்கைப் புண்ணுக்கு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது புண் ஆறுவதற்கு. அது உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். புழு வராமல் இருக்க, கட்டு நனைந்தால் மணி பார்க்காமல் மாற்றுங்கள். சீழும் நீரும் ஊறி வெளிப்பக்கம் ஈரமான கட்டின் மேலேயே ஈ முட்டை வைக்கும். பொரித்த குட்டி நூல் இடுக்கில் நுழைந்து போய்விடும். காலையில் கட்டியாயிற்று, நாளைக் காலைதான் என்று இருந்துவிடாதீர்கள். நனைந்த டயப்பரும் அதே கணக்கு. கழற்றிய கட்டை மூடியுள்ள பையில் போட்டு அன்றைக்கே வெளியேற்றுங்கள். அறை மூலையில் வாளியில் சேர்க்க வேண்டாம். (மருத்துவமனைகளுக்கே 2016 விதிப்படி மருத்துவக் கழிவைச் சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஈயைக் கேட்டால் 48 மணி நேரமே தாராளம் என்று சொல்லும்.)

வாயை ஒரு நாளைக்கு நாலு முறை. எந்த மருந்துத் தண்ணீர் என்பது இரண்டாம் பட்சம்; விரலில் காஸ் சுற்றி, கன்னத்தை இழுத்து, டார்ச் அடித்துப் பார்த்துத் துடைப்பதுதான் காரியம். விழுங்க முடியாதவர் என்பதால் காஸைப் பிழிந்துவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துச் செய்யுங்கள். உதட்டுக்கு வாசலின் தடவி வெடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்து ட்யூபின் வாய்க்கு வடிகட்டி மாதிரி ஒரு மூடி கிடைக்கும். உங்கள் மருத்துவரிடம் கேட்டு மாட்டுங்கள். வீட்டில் மாடோ ஆடோ நாயோ இருந்து அதற்குப் புண் இருந்தால், அதையும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பெஸியானா ஈ பெருகும் இடம் அதுதான்.

புகார் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதத்தின் வரிகளுக்கு நடுவில் அது இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். புழு எடுத்தது அதில் இருக்கிறதா? பல சமயம் இருக்காது. இல்லையென்றால் முழு சிகிச்சைப் பதிவுகளையும் கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதி. அதோடு மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு ஒரு கடிதம். என்.ஏ.பி.எச். என்ற மருத்துவமனைத் தரச் சான்று பெற்ற இடமென்றால் அப்படி ஒரு குழு கட்டாயம் இருக்கும். மூன்றே கேள்வி போதும்: இதைச் சம்பவமாகப் பதிவு செய்தீர்களா? எடுத்த புழு எந்த ஈயுடையது என்று பார்த்தீர்களா? அந்த அறையில் என்ன மாற்றினீர்கள்? உங்கள் படத்தை, எடுத்த தேதி நேரத்தோடு, இணைத்துவிடுங்கள். மூன்றாவது கேள்விக்கு ஒழுங்கான பதில் வந்தால், நானாக இருந்தால் அதோடு விட்டுவிடுவேன். வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. அவசரமில்லை.

அவசரம், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுவதுதான். போவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு டார்ச்சை அப்பாவின் தலைமாட்டிலேயே கட்டித் தொங்கவிடுங்கள், வேறு எதற்கும் யாரும் எடுக்காதபடி. இன்று சாயங்காலம் மேல் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில், போன தடவை இருந்த அதே இடத்தில், அடித்துப் பாருங்கள். சிவப்பாகப் பள்ளமாக இருந்தால் ஆறிக்கொண்டிருக்கிறது. பள்ளத்துக்குள் ஏதாவது அசைந்தாலோ, வெள்ளையாக முனை தெரிந்தாலோ நீங்களாக நோண்டாமல் இன்றிரவே கூட்டிப் போங்கள்.